ஃபைலைக் காட்ட மாட்டேன்னு சொன்ன மூணு ஜனாதிபதிகள்

அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரியா இருந்த ஆல்ஜர் ஹிஸ் சோவியத் உளவாளியா இல்லையான்னு எழுபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஒரு சண்டை ஓடிக்கிட்டிருக்கு, இன்னும் முடிஞ்ச பாடில்லை. இதைப் பத்தி யார் பேச ஆரம்பிச்சாலும் ரெண்டு கட்சியில ஒண்ணுல போய் உட்கார்ந்துடுறாங்க. அமெரிக்க அரசாங்கத்துக்குள்ள கம்யூனிஸ்ட் உளவாளிங்க இருந்தாங்க, அதை 1950கள்ல வெளிப்படையா சொன்ன மேலவை உறுப்பினர் மெக்கார்த்தியை அநியாயமா ஒழிச்சுட்டாங்கன்னு ஒரு கட்சி சொல்லும். எல்லாமே ஓட்டுக்காகக் கிளப்பிவிட்ட பீதின்னு இன்னொரு கட்சி சொல்லும். பல வருஷமா இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்கிறவன் நான், எனக்கு ரெண்டுமே ஒத்து வரலை. உளவாளிங்க இருந்தது நெஜம். ஒரு தப்பும் நிரூபிக்கப்படாம வேலை போனவங்க இருந்ததும் நெஜம். ரெண்டும் ஒரே இடத்துலேர்ந்து வந்ததுன்னுதான் நான் நினைக்கிறேன், அந்த இடம் ஃபைல். அது யார்கிட்ட இருக்கு, யார் அதைப் பார்க்கலாம், யாருக்குக் காட்டக் கூடாது, இதுதான் அந்தப் பத்துப் பதினைஞ்சு வருஷ அரசியலோட அடிப்படைச் சண்டை.

முதல் ஃபைல் 1939லயே உருவாயிடுச்சு. விட்டேகர் சேம்பர்ஸ்னு ஒருத்தர், கம்யூனிஸ்ட் கட்சியோட ரகசியப் பிரிவுல வாஷிங்டன்ல காகிதம் வாங்கிக் கைமாத்துற வேலை பார்த்துட்டு, 1938ல பயந்து வெளியே வந்தவர். ஹிட்லர் அரசாங்கமும் ஸ்டாலின் அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுக்கிட்டது அவரை உலுக்கிடுச்சு. செப்டம்பர் 2ஆம் தேதி ராத்திரி, அதாவது போலந்துக்குள்ள ஜெர்மன் படை நுழைஞ்ச மறுநாள், வெளியுறவுத் துறையில பெரிய பொறுப்புல இருந்த அடால்ஃப் பெர்லி வீட்டுக்குப் போய் பேர் பேரா சொன்னார். அதுல ஆல்ஜர் ஹிஸ் பேரும் இருந்துச்சு, அவர் தம்பி டொனால்ட் பேரும் இருந்துச்சு. பெர்லி எல்லாத்தையும் குறிச்சு வெச்சுக்கிட்டார். அந்தக் குறிப்பு எஃப்பிஐ கைக்குப் போனது 1943ல. அதுக்குள்ள அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒரே அணியில நின்னு போர் நடத்திக்கிட்டிருந்தாங்க, இதைத் தோண்ட யாருக்கும் அவசரமில்லை. ஹிஸ் பாட்டுக்கு வளர்ந்துக்கிட்டே போனார், 1945ல யால்டா மாநாட்டுக்கு ரூஸ்வெல்ட் கூடப் போன குழுவுல இருந்தார், ஐ.நா. சபையை உருவாக்கின சான்ஃபிரான்சிஸ்கோ மாநாட்டுக்கு அவர்தான் செகரட்டரி ஜெனரல்.

1945 இலையுதிர் காலத்துல ரெண்டு இடி சேர்ந்து விழுந்துச்சு. செப்டம்பர்ல ஒட்டாவா சோவியத் தூதரகத்துல சங்கேத எழுத்தரா இருந்த இகோர் குசென்கோ கட்டுக் கட்டா டாக்குமென்ட்டோட வெளியே ஓடி வந்தார். நவம்பர்ல எலிசபெத் பென்ட்லி எஃப்பிஐ ஆபீஸ்ல உட்கார்ந்து தான் யார் யார்கிட்டேர்ந்து காகிதம் வாங்கி ரஷ்யர்கள்கிட்ட கொடுத்தேன்னு விலாவாரியா சொன்னாங்க. கருவூலத் துறையோட பெரிய மூளை, பிரெட்டன் வுட்ஸ்ங்கிற உலகப் பண ஏற்பாட்டை வடிவமைச்ச ஹாரி டெக்ஸ்டர் வைட் பேர் வரைக்கும் வந்துச்சு. எஃப்பிஐ ஆள் வெச்சுப் பின்தொடர்ந்து, போன் ஒட்டுக்கேட்டு, மாசக்கணக்குல காத்திருந்தும் கையும் களவுமா யாரும் மாட்டலை. ஏன்னா பென்ட்லி கட்சி மாறின செய்தியை எஃப்பிஐ பிரிட்டிஷ் உளவுத் துறைக்குச் சொல்ல, அங்க அதிகாரியா உட்கார்ந்திருந்த சோவியத் உளவாளி கிம் ஃபில்பி அதை நேரா மாஸ்கோவுக்கு அனுப்பிட்டார். வலைப்பின்னல் மொத்தத்தையும் ரஷ்யர்கள் சுருட்டி மூடிட்டாங்க. எஃப்பிஐ கையில மிஞ்சினது ஒரு பெண்ணோட வாய்மொழி மட்டும்தான். கோர்ட்டுக்கு அது பத்தாது. அரசியலுக்கு அது தாராளம்.

1946 நவம்பர் தேர்தல்ல குடியரசுக் கட்சி நாடாளுமன்றத்தோட ரெண்டு அவையையும் பிடிச்சுது. ஜனாதிபதி ட்ரூமன் ஜனநாயகக் கட்சி. எதிர்க்கட்சி இதை எடுத்துக்கிட்டு வீதிக்கு வர்றதுக்கு முன்னாடி தானே முந்திக்கணும்னு 1947 மார்ச் 21ல ஒரு உத்தரவு போட்டார், மத்திய அரசு ஊழியர் எல்லாருக்கும் விசுவாசச் சோதனை, ஒவ்வொருத்தர் பேர்லயும் விவரம் சேகரிக்கணும். லட்சக்கணக்குல ஃபைல் உருவாச்சு. அதை யார் படிக்கலாம்ங்கிற கேள்வி ஒரு வருஷத்துக்குள்ள வெடிச்சுது.

வெடிச்ச இடம் எட்வர்ட் காண்டன். இவர் இயற்பியல் விஞ்ஞானி, தேசியத் தர நிர்ணய நிறுவனத்தோட இயக்குநர். நாடாளுமன்றத்தோட அமெரிக்க விரோத நடவடிக்கைகள் குழு 1948 மார்ச் 1ஆம் தேதி ஒரு அறிக்கை விட்டு, அணு ரகசியப் பாதுகாப்புல ரொம்ப பலவீனமான கண்ணிகள்ல ஒண்ணு இவர்தான்னு சொல்லிச்சு. ஆதாரமா எஃப்பிஐ தலைவர் ஹூவர் எழுதின ஒரு கடிதத்துலேர்ந்து வரிகளைப் போட்டாங்க. இந்த இடத்துல நான் ஒவ்வொரு தடவையும் நின்னுடுவேன். அந்தக் கடிதத்துலயே இன்னொரு வரி இருந்துச்சு, உளவு சந்தேகத்துல இருக்கிற ஒரு ஆளோட காண்டன் தம்பதிக்கு இருந்த பழக்கத்துக்கும் உளவு வேலைக்கும் சம்பந்தம் இருக்கிறதா காட்ட எந்த ஆதாரமும் இல்லைன்னு. அந்த வரியைக் குழு எடுத்துட்டுத்தான் அறிக்கையை அச்சடிச்சுது. ஒரு மனுஷனைக் காப்பாத்தக் கூடிய வரி அதே தாள்ல இருந்துச்சு, அதைத் தெரிஞ்சே விட்டிருக்காங்க.

குழு காண்டனோட விசுவாச ஃபைலைக் கேட்டுச்சு. வர்த்தக அமைச்சர் ஹாரிமன் தர மறுத்தார். மார்ச் 13ல ட்ரூமன் ஒரு உத்தரவே போட்டுட்டார், விசுவாசச் சோதனை சம்பந்தப்பட்ட எந்த ஃபைலையும் நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கக் கூடாது, சம்மன் வந்தாலும் கொடுக்கக் கூடாதுன்னு. ஏப்ரல்ல கீழவை 300க்கு 29 ஓட்டுல ஃபைலைக் கொடுன்னு தீர்மானம் போட்டுச்சு, ட்ரூமன் அசையலை. அந்த விவாதத்துல காரசாரமா பேசினவர்கள்ல கலிஃபோர்னியாவோட இளம் உறுப்பினர் ரிச்சர்ட் நிக்சன் ஒருத்தர். ஜனாதிபதி சொல்றதை ஒத்துக்கிட்டா டீபாட் டோம் எண்ணெய் ஊழல் மாதிரி விவகாரத்துலகூட ஒரு உத்தரவைப் போட்டு நாடாளுமன்றத்தோட கண்ணைக் கட்டிடலாமேன்னு கேட்டார். நல்ல கேள்விதான். எனக்கு நிக்சன் மேல பெரிய மரியாதை கிடையாது, ஆனா அன்னிக்கு அவர் கேட்ட கேள்விக்கு ட்ரூமன் தரப்புலேர்ந்து சரியான பதில் வரலை. ட்ரூமன் பக்கமும் ஒரு நியாயம் இருந்துச்சு, சரிபார்க்காத வதந்தியெல்லாம் இருக்கிற ஃபைலை இந்தக் குழு கையில கொடுத்தா என்ன செய்வாங்கன்னு காண்டன் விஷயத்துலயே நாம பார்த்துட்டோம்.

அந்த வருஷம் ஜூலை கடைசியிலயும் ஆகஸ்ட் ஆரம்பத்துலயும், தேர்தலுக்கு மூணு மாசம் இருக்கும்போது, பென்ட்லியும் சேம்பர்ஸும் அதே குழு முன்னாடி பகிரங்கமா சாட்சி சொன்னாங்க. ஆகஸ்ட் 5ல ஹிஸ் தானா வந்து, சேம்பர்ஸ்னு யாரையும் தெரியாதுன்னு அத்தனை நிதானமா சொல்லவும் குழு உறுப்பினர்கள்ல பலபேர் விஷயத்தைக் கைவிடலாம்ங்கிற நிலைமைக்கு வந்துட்டாங்க. அதே நாள் ட்ரூமன், விலைவாசிப் பிரச்சினையிலேர்ந்து ஜனங்க கவனத்தைத் திருப்பத்தான் இந்த விசாரணைன்னு நிருபர்கள்கிட்ட சொன்னார், ஃபைல் தர மாட்டோம்ங்கிறதையும் திரும்பச் சொன்னார். குழுவுல இருந்த நிக்சன் மட்டும் விடாப்பிடியா நின்னார். அவருக்கு அந்தத் தைரியம் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, எஃப்பிஐல இருந்த தகவல் ஜான் க்ரோனின்னு ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் வழியா அவருக்கு வந்துக்கிட்டிருந்துச்சு. முன்வாசல்ல பூட்டு போட்ட ஃபைல் பின்வாசல் வழியா, வேண்டியவங்களுக்கு மட்டும் கசிஞ்சுது. ஓட்டுப் போடுற ஜனங்களுக்கு அது எதுவும் தெரியாது.

சேம்பர்ஸைத் தனியா கூப்பிட்டு, ஹிஸ்ஸை உனக்கு அவ்வளவு நெருக்கமா தெரியும்னா அவர் வீட்டு விஷயம் ஏதாவது சொல்லுன்னு கேட்டாங்க. அவர், ஹிஸ் தம்பதிக்குப் பறவை பார்க்கிறதுல பைத்தியம், ஒரு தடவை போட்டோமாக் ஆத்தோரம் ப்ரோதோனோட்டரி வார்ப்ளர்ங்கிற அபூர்வமான மஞ்சள் குருவியைப் பார்த்துட்டு ரொம்ப சந்தோஷமா இருந்தாங்கன்னு சொன்னார். ஆகஸ்ட் 16ல ஹிஸ் வந்து உட்கார்ந்தப்போ பொழுதுபோக்கைப் பத்தி விசாரிச்சாங்க, பறவை பார்ப்பேன்னார். மெக்டவல்னு ஒரு உறுப்பினர், அவருக்கும் பறவைப் பழக்கம் உண்டு, சாதாரணமா கேட்கிற மாதிரி அந்தக் குருவியைப் பார்த்திருக்கீங்களான்னு கேட்டார். ஹிஸ் முகம் மலர்ந்து, பார்த்திருக்கேனே, இங்கயே போட்டோமாக் கரையில, உங்களுக்கு அந்த இடம் தெரியுமான்னு திருப்பிக் கேட்டார். அந்த ஒரு பதில்ல அறைக்குள்ள இருந்தவங்க மனசு மாறிடுச்சு. மறுநாள் நியூயார்க் கமடோர் ஹோட்டல்ல ரெண்டு பேரையும் நேருக்கு நேர் நிறுத்தினாங்க, ஹிஸ் சேம்பர்ஸோட பல்லைக் காட்டச் சொல்லிப் பார்த்துட்டு, ஜார்ஜ் க்ராஸ்லிங்கிற பேர்ல இந்த ஆளை எனக்குத் தெரியும்னு ஒத்துக்கிட்டார்.

அந்த நாட்கள்ல நடந்த இன்னொண்ணை யாரும் அதிகம் பேசுறதில்லை. ஹாரி டெக்ஸ்டர் வைட் ஆகஸ்ட் 13ல சாட்சி சொன்னார். இதய நோய் இருக்கு, இடையில கொஞ்சம் ஓய்வு கொடுங்கன்னு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தார். குழுத் தலைவர் பார்னெல் தாமஸ், இதய நோயாளியா இருந்துக்கிட்டு நிறைய விளையாடுறீங்களேன்னு சபையில வெச்சுக் குத்திக் காட்டினார். மூணாவது நாள் வைட் மாரடைப்புல செத்துப் போனார். பிற்காலத்துல வெளிவந்த சோவியத் தந்திகள் வைட் அவங்களுக்குத் தகவல் கொடுத்தார்ங்கிறதைக் காட்டுது, அதனால அவரை நான் தியாகியா ஆக்க வரலை. ஆனா குற்றவாளியோ இல்லையோ, ஒரு நோயாளிகிட்ட அப்படிப் பேசுற சபையை விசாரணைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. தாமஸ் அப்புறம் தன் ஆபீஸ்ல போலி சம்பளக் கணக்கு எழுதின வழக்குல ஜெயிலுக்குப் போனார்.

ஹிஸ் மான நஷ்ட வழக்குப் போட்டார். அதுக்குப் பதிலாத்தான் சேம்பர்ஸ் பத்து வருஷமா ஒளிச்சு வெச்சிருந்ததை வெளியே எடுத்தார், புரூக்ளின்ல ஒரு சொந்தக்காரங்க வீட்டுல பழைய லிஃப்ட் குழிக்குள்ள கிடந்த உறை, உள்ள வெளியுறவுத் துறை ஆவணங்களை டைப் அடிச்ச 65 பக்கம், ஹிஸ் கையெழுத்துல நாலு துண்டுக் குறிப்பு, மைக்ரோஃபிலிம். டிசம்பர் 2 ராத்திரி குழுவோட ஆட்கள் மேரிலாண்ட்ல அவர் பண்ணைக்குப் போனப்போ, குடைஞ்ச பூசணிக்காய்க்குள்ளேர்ந்து ஃபிலிம் சுருளை எடுத்துக் கொடுத்தார். இதுக்கப்புறம் நடந்தது எனக்கு ரொம்ப முக்கியமா படுது. நீதித் துறை அந்த ஃபிலிமை, வழக்குப் போடலாமான்னு முடிவு பண்ற கிராண்ட் ஜூரி முன்னாடி கொண்டு வான்னு நிக்சனைக் கேட்டுச்சு. நிக்சன் ஃபிலிமை எடுத்துக்கிட்டுப் போனார், காட்டினார், கையை விட்டுக் கொடுக்க மட்டும் மறுத்துட்டார். அரசாங்கம் ஃபைலை ஒளிக்குதுன்னு ஏப்ரல்ல பேசினவர், டிசம்பர்ல தன் கையில இருக்கிற ஆதாரத்தை அரசாங்கத்துக்குத் தரலை. உளவுக் குற்றத்துக்குக் காலக்கெடு தாண்டிப் போயிருந்ததால ஹிஸ் மேல பொய் சாட்சி வழக்குதான் போட முடிஞ்சுது. முதல் விசாரணையில ஜூரி 8க்கு 4னு பிரிஞ்சுது, ரெண்டாவதுல 1950 ஜனவரி 21ல குற்றவாளின்னு தீர்ப்பு. அஞ்சு வருஷத் தண்டனை, 44 மாசம் உள்ள இருந்தார், 1996ல சாகுற வரைக்கும் நான் நிரபராதின்னே சொன்னார். எனக்கு அந்த டைப் அடிச்ச காகிதங்கள் போதும், அவர் பொய்தான் சொன்னார்னு நான் நம்புறேன்.

தீர்ப்பு வந்து மூணு வாரத்துக்குள்ள, பிப்ரவரி 9ல மெக்கார்த்தி வெஸ்ட் வர்ஜீனியாவுல வீலிங் ஊர்ல எழுந்து, வெளியுறவுத் துறையில இருக்கிற கம்யூனிஸ்ட் பட்டியல் என் கையில இருக்குன்னார். 205ன்னாரு, 57ன்னாரு, மேலவையில 81ன்னாரு. அந்தக் கேஸ்கள்ல பெரும்பாலானது பழைய பட்டியல்லேர்ந்து வந்தது, நாடாளுமன்ற ஊழியர் ஒருத்தர் 1947ல வெளியுறவுத் துறை ஃபைலைப் பார்த்துத் தொகுத்து வெச்ச 108 பேர் விவரம். டைடிங்ஸ் தலைமையில மேலவைக் குழு விசாரிச்சப்போ, ஆதாரம் எங்கேன்னா, ஃபைலைத் திறந்து பாருங்க அங்க இருக்குன்னு சொல்லிட்டார். ட்ரூமன் முதல்ல மறுத்து, அப்புறம் வெள்ளை மாளிகையிலேயே உட்கார்ந்து படிச்சுக்கோங்கன்னு திறந்து விட்டார். அதுல ஒண்ணுமில்லைன்னு டைடிங்ஸ் சொன்னா, முன்னாடியே உருவிட்டாங்கன்னு மெக்கார்த்தி. மூடின ஃபைல் அவருக்கு எவ்வளவு பெரிய சொத்துன்னு பாருங்க, மூடியிருந்தாலும் லாபம், திறந்தாலும் லாபம். அந்த நவம்பர்ல டைடிங்ஸ் தேர்தல்ல தோத்தார்.

இத்தனைக்கும் நடுவுல உண்மையான ஃபைல் வர்ஜீனியாவுல ஆர்லிங்டன் ஹால்ங்கிற முன்னாள் பெண்கள் கல்லூரிக் கட்டடத்துல இருந்துச்சு. 1943 பிப்ரவரியில ஜீன் க்ராபீல்னு ஒரு பள்ளிக்கூட டீச்சரை வெச்சு ராணுவம் ஆரம்பிச்ச வேலை அது, சோவியத் தந்திகளை உடைக்கிறது. ஒரு தடவை மட்டும் பயன்படுத்த வேண்டிய சங்கேதத் தாள்களைப் போர் நெருக்கடியில ரஷ்யர்கள் ரெண்டு ரெண்டா அச்சடிச்சுட்டாங்க, அந்த ஓட்டை வழியா மெரடித் கார்ட்னர் மாதிரியான மொழி வல்லுநர்கள் உள்ள நுழைஞ்சாங்க. கிட்டத்தட்ட 3000 தந்தி ஓரளவுக்காவது படிக்க முடிஞ்சுது. இதுக்குப் பேர் வெனோனா. ரஷ்யர்களுக்கு இது தெரியும். ஆர்லிங்டன் ஹாலுக்குள்ளேயே வில்லியம் வைஸ்பாண்ட்னு அவங்க ஆள் இருந்தார், வாஷிங்டன் வந்த ஃபில்பிக்கும் விவரம் போச்சு. அமெரிக்க ஜனங்களுக்கு மட்டும் 1995 ஜூலை வரைக்கும் சொல்லலை. எதிரிக்குத் தெரிஞ்ச ரகசியத்தைச் சொந்த ஜனங்ககிட்டேர்ந்து நாற்பத்தஞ்சு வருஷம் மறைச்சதுல என்ன பாதுகாப்பு கிடைச்சுதுன்னு எனக்கு இன்னும் புரியலை, கோபம்தான் வருது.

இதோட விலை என்னன்னு ரெண்டு பேரைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா தெரியும். தியோடர் ஹால், 19 வயசுல லாஸ் அலமாஸ் அணுகுண்டுத் திட்டத்துலேர்ந்து ரஷ்யர்களுக்குத் தகவல் கொடுத்த இயற்பியலாளர். வெனோனா தந்தியில அவர் பேரே வந்துச்சு. 1951ல எஃப்பிஐ கூப்பிட்டு விசாரிச்சுது, அவர் ஒத்துக்கலை. கோர்ட்டுல காட்டக்கூடிய ஆதாரம் தந்தி மட்டும்தான், அதைக் காட்ட முடியாது. விட்டுட்டாங்க. அப்புறம் இங்கிலாந்து கேம்பிரிட்ஜ்ல ஆராய்ச்சி பண்ணி 1999ல இயற்கையா இறந்தார். இன்னொருத்தர் டோரதி பெய்லி, வாஷிங்டன்ல வேலைவாய்ப்புத் துறை ஊழியர், தொழிற்சங்கத் தலைவி. அவங்க கம்யூனிஸ்ட்னு ரகசியத் தகவல் வந்திருக்குன்னு விசுவாச வாரியம் கூப்பிட்டுச்சு. கல்லூரியில தொழிலாளர் பொருளாதாரப் பாடத்துக்காக ஒரே ஒரு கம்யூனிஸ்ட் கூட்டத்துக்குப் போயிருக்கேன், மத்தபடி நான் கட்சி உறுப்பினர் இல்லைன்னாங்க. அவங்களுக்கு எதிரா ஒருத்தரும் நேர்ல வந்து சாட்சி சொல்லலை. புகார் சொன்னது சங்கத்துல அவங்களைப் பிடிக்காத யாராவதான்னு வக்கீல் பால் போர்ட்டர் கேட்டப்போ, வாரியத் தலைவர் சேத் ரிச்சர்ட்சன் சொன்ன பதில், அவங்க யாருன்னு எனக்கே துளியும் தெரியாது. தீர்ப்புச் சொல்றவருக்கே சாட்சி யாருன்னு தெரியலை! வேலை போச்சு. உச்ச நீதிமன்றத்துல 1951 ஏப்ரல்ல 4க்கு 4, அதனால கீழ்க் கோர்ட் தீர்ப்பே நின்னுடுச்சு. ஒன்பதாவது நீதிபதி டாம் க்ளார்க் ஒதுங்கிட்டார், இந்தத் திட்டம் வந்தப்போ அரசாங்கத்தோட அட்டர்னி ஜெனரல் அவர்தான்.

எங்க குடும்பத்துல பெரியப்பாவுக்குக் கிடைச்ச அரசு வேலை போலீஸ் வெரிஃபிகேஷன்ல நின்னு போச்சு, காலேஜ்ல மாணவர் சங்கத்துல இருந்தாருங்கிறதால இருக்கும்னு எல்லாரும் ஊகிச்சாங்களே தவிர அந்த ரிப்போர்ட்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு அவருக்குக் கடைசி வரைக்கும் யாரும் காட்டலை. பெய்லி கேஸ் எனக்கு வெளிநாட்டு வரலாறா தெரியாததுக்கு அதுவும் ஒரு காரணம். நம்ம உச்ச நீதிமன்றம் 1983ல மத்தியப் பிரதேச ஆசிரியர் ஒருத்தர் வழக்குல, ஆர்எஸ்எஸ், ஜனசங்கத்தோட இருந்தார்னு போலீஸ் ரிப்போர்ட் வந்ததை வெச்சு வேலையை விட்டு எடுத்தது தப்புன்னு சொல்லிச்சு. அரசு வேலைங்கிறது தேவதைகள் மட்டுமே நுழையக்கூடிய சொர்க்கமான்னு நீதிபதி சின்னப்ப ரெட்டி அதுல கேட்டார்.

ஜூடித் கோப்லான் வழக்கும் இதோட சேரும். நீதித் துறையில வேலை பார்த்தவங்க, வெனோனா வழியா சந்தேகம் வந்து, 1949 மார்ச் 4ல மன்ஹாட்டன்ல ஒரு சோவியத் அதிகாரியோட இருக்கும்போது பிடிச்சாங்க, கைப்பையில எஃப்பிஐ ரிப்போர்ட்டோட சுருக்கம் இருந்துச்சு. அந்த மூல ரிப்போர்ட்டையெல்லாம் கோர்ட்டுல வைங்கன்னு நீதிபதி ரீவ்ஸ் உத்தரவு போட்டார். கேஸைக் கைவிட்டாலும் பரவாயில்லை, ஃபைலைக் காட்டாதீங்கன்னு ஹூவர் கெஞ்சாத குறை. படிச்சுப் பார்த்தா சினிமாக்காரங்களைப் பத்தின வம்பும் ஊர்பேர் இல்லாத ஆளுங்க சொன்ன புகாரும் நெறைய இருந்துச்சு. எஃப்பிஐ அதுலேர்ந்து கத்துக்கிட்ட பாடம், ஒட்டுக்கேட்ட விவரங்களுக்கு 'ஜூன் மெயில்'னு தனி ஃபைல் போட்டு மறைச்சு வெக்கிறது. வாரண்ட் இல்லாத கைது, போன் ஒட்டுக்கேட்பு இதனால தண்டனை ரத்தாச்சு, குற்றம் செஞ்சது தெளிவா தெரியுதுன்னு எழுதிட்டேதான் நீதிபதி லேர்ன்ட் ஹேண்ட் ரத்து பண்ணார்.

1953ல ஆட்சி மாறி ஐசனோவர் வந்தார், குடியரசுக் கட்சி. அவரோட அட்டர்னி ஜெனரல் பிரவுனெல் அந்த நவம்பர்ல சிகாகோவுல பேசும்போது, வைட் உளவாளின்னு எஃப்பிஐ சொன்னதுக்கப்புறமும் ட்ரூமன் அவரைப் பன்னாட்டு நிதியத்துக்கு நியமிச்சார்னு குண்டைப் போட்டார். ஃபைலை இத்தனை வருஷம் பூட்டி வெச்ச அதே நிர்வாகத் துறை, ஆள் மாறினதும் தனக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் மேடையில படிச்சுது. கீழவைக் குழு முன்னாள் ஜனாதிபதிக்கே சம்மன் அனுப்ப, பதவியில இருந்தப்போ செஞ்சதுக்கு நான் வந்து பதில் சொல்ல மாட்டேன்னு ட்ரூமன் திருப்பி அனுப்பிட்டார். ஆறு மாசம்தான், 1954 மே 17ல ஐசனோவர் தன் பாதுகாப்பு அமைச்சருக்கு எழுதின கடிதத்துல, நிர்வாகத்துக்குள்ள நடந்த பேச்சு எதையும், ராணுவத்துக்கும் மெக்கார்த்திக்கும் நடந்த மோதலைப் பத்தின மேலவை விசாரணையில வெளியே சொல்லக் கூடாதுன்னு உத்தரவு போட்டார். ட்ரூமன் சொன்ன அதே வாதம், இன்னும் அகலமா. மெக்கார்த்தி உடனே அரசு ஊழியர்களைப் பார்த்து, ரகசிய முத்திரை இருந்தாலும் தகவலை எங்ககிட்ட கொண்டு வாங்கன்னார். டிசம்பர் 2ல மேலவை 67க்கு 22ல அவரைக் கண்டிச்சுது. அப்போ துணை ஜனாதிபதி நிக்சன்.

இருபது வருஷம் கழிச்சு ஜனாதிபதி நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு வாட்டர்கேட் ஊழல் வழக்குல தன் பேச்சைப் பதிவு பண்ணின டேப்பைத் தர மாட்டேன்னு சொன்னவரும் அவரேதான், 1974 ஜூலை 24ல உச்ச நீதிமன்றம் 8க்கு 0ன்னு கொடுக்க வெச்சுது. ஜனாதிபதிக்கு ரகசிய உரிமையே கிடையாதுன்னு அந்தத் தீர்ப்பு சொல்லலை. உரிமை இருக்கு, ஆனா ஒரு குற்ற வழக்குக்கு ஆதாரம் தேவைப்படும்போது நீதிபதி தனியா படிச்சுப் பார்த்து எதைக் கொடுக்கணும்னு முடிவு பண்ணுவார்னு ஒரு வழி சொல்லிச்சு. 1948ல காண்டன் ஃபைலுக்கு அப்படி மூணாவதா ஒரு ஆள் இருந்திருந்தா, ஹூவர் கடிதத்துல விட்டுப்போன அந்த வரி அன்னிக்கே வெளியே வந்திருக்கும். பெய்லி மேல புகார் சொன்னவங்களை ஒரு நீதிபதியாவது தனியறையில கூப்பிட்டு விசாரிச்சிருப்பார்.

வெனோனாவைத் திறக்க வெச்சதுல மேலவை உறுப்பினர் மொய்னிஹானுக்குப் பெரிய பங்கு உண்டு, இந்தியாவுல அமெரிக்கத் தூதரா இருந்தவர்தான். அவர் தலைமையில அமைச்ச ரகசியக் காப்பு ஆணையம் 1997ல அறிக்கை கொடுத்துச்சு. ஹிஸ் விசாரணையோட கிராண்ட் ஜூரி பதிவுகளை வரலாற்று ஆசிரியர்கள் கோர்ட்டுக்குப் போய் வாங்கினது 1999ல. நிக்சன் ஃபிலிமைக் கையில வெச்சுக்கிட்டுத் தர மாட்டேன்னு அடம் பிடிச்ச அந்த டிசம்பர் நாளோட சாட்சியம் அதுல இருக்கு. மெக்கார்த்தி பத்தின சண்டையில இறங்குறவங்க எந்தக் கட்சியா இருந்தாலும் முதல்ல அதைப் படிச்சுட்டு வரணும்னு கேட்டுக்கிறேன்.